இரண்டு நாளில் திரும்பி வந்த புத்தகங்கள்

சனிக்கிழமை நான்கு மணிக்கு இன்னும் ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. அதற்குள் நான் ஒரு நாவலைப் படித்து முடிக்க வேண்டும். என் வாழ்க்கையில் முதல் நாவல்.

நான் வேலை பார்ப்பது நூலகத்தில். ‘அடுத்து என்ன படிக்கலாம்?’ என்று பலகை தொங்கும் மேசை என்னுடையது. வருகிறவர்கள் கடைசியாக எது பிடித்தது என்று சொல்வார்கள். நான் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். பத்து மாதமாக இதுதான் வேலை. நன்றாகச் செய்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் பெயரை மறந்துவிட்டு ‘சிபாரிசு’ என்று கூப்பிடுகிறார்கள்.

நான் படித்தது வேதியியல். கதைப் புத்தகம் எனக்கு நான்காம் பக்கத்தோடு நின்றுவிடும். யாரோ ஒருவர் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும் என்று மூடிவிடுவேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் நாள் பஸ் டிரைவர் ஒருவர் தடிமனான நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். ஓர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிற கதை. “கடைசி முப்பது பக்கம் இருக்கே, டிப்போவுல வண்டிய நிறுத்திட்டு சீட்ட விட்டு எந்திரிக்காமலே படிச்சேன்” என்றார். பத்து நிமிடம் கழித்து வேறொருவர் அதே புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, “இது நல்லாருக்குமா?” என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “கடைசி முப்பது பக்கம் உக்காந்த இடத்த விட்டு எந்திரிக்க முடியாது” என்றேன். அடுத்த வாரம் அவர் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஆய்வுக்கூடத்தில் போடுவது போல நான்கு கட்டம். நூல் எண், வாசகர், எத்தனை நாளில் திரும்பியது, திருப்பித் தரும்போது என்ன சொன்னார். சீக்கிரம் திரும்பினால் பிடித்திருக்கிறது. இரண்டு வாரம் தாண்டினால் பிடிக்கவில்லை. ஒரே மூன்று புத்தகங்களை இருவர் வேகமாக முடித்திருந்தால், ஒருவருடைய நான்காவதை மற்றவருக்குக் கொடுக்கலாம். அவ்வளவுதான் என் வித்தை.

நீ படித்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன மாதம் தலைமை நூலகர் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பும் முன் எனக்கு வாசித்துக் காட்டினார். ‘நம் கதைப் பிரிவின் அறுநூறு நாவல்களையும் படித்தவர்’ என்று ஒரு வரி இருந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

“சரியா இருக்கா?” என்றார்.

“சரிங்க மேடம்” என்றேன்.

அந்தச் ‘சரிங்க மேடம்’தான் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் மேசை முன்னால் வந்து நின்றது.

“சனிக்கிழமை வாசகர் கூட்டத்துக்கு குழுலேருந்து மூணு பேர் வர்றாங்க” என்றார் தலைமை நூலகர். “நீ பத்து நிமிஷம் பேசுற. உனக்கு ரொம்பப் பிடிச்ச நாவல். அந்தப் பாலத்துக் கதைதானே, எல்லாருக்கும் அதத்தானே தூக்கிக் குடுக்கிற?”

“மேடம், நான் வந்து...”

“கூச்சமெல்லாம் மூட்டை கட்டி வை. கேள்வி கேப்பாங்க. உனக்கென்ன, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவ.”

என் மேசைக்கு ஒரு பக்கம் தூண், ஒரு பக்கம் சுவர், முன்னால் பலகை. வெளியே வர இருக்கும் ஒரே வழியில் திரும்பி வந்த புத்தகங்களின் தள்ளுவண்டி நிற்கும். அதைத் தள்ளினால்தான் நான் வெளியே வர முடியும். அன்று அதில் புத்தகம் நிரம்பி வழிந்தது. தலைமை நூலகர் போன பிறகும் நான் அதைத் தள்ளவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பாலத்துக் கதையைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாலை பஸ்ஸில் திறந்தேன். வீட்டுக்குப் போய்த் திறந்தேன்.

வீடு என்றால் அண்ணன் வீடு. ஹாலில் துணி பீரோவுக்குப் பின்னால் என் பாய். வேலை நிரந்தரமானால் பெண்கள் விடுதியில் ஓர் அறை கிடைக்கும். கதவு உள்ள அறை. இது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும்.

“என்னடி, அதிசயமா கதைப் புக்கு?” என்றாள் அண்ணி.

“சனிக்கிழமை பேசணும் அண்ணி.”

“நீயா? பத்து நிமிஷமா? இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷத்துல மொத்தமா பத்து நிமிஷம் பேசியிருப்பியா? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பொத்தி வச்சிருப்பியே.”

சிரித்தேன். கதையில் பாலம் கட்ட வந்த பொறியாளர் ஆற்றங்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பக்கமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி மதியம் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தேன். இது ஆகாது என்று தெரிந்துவிட்டது. நோட்டைப் புரட்டினேன். பாலத்துக் கதையைப் பதினான்கு பேர் எடுத்திருந்தார்கள். பதினான்கு பேரும் ஏதோ சொல்லியிருந்தார்கள். வரிசையாகத் தைத்தால் பத்து நிமிடம் வரும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பதினான்கு பேரும் சனிக்கிழமை கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என் பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

வேறு வழி தெரியாமல் தள்ளுவண்டிப் புத்தகங்களைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். அலமாரியில் வைக்கும் முன் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். தையலக்கா அன்று காலை திருப்பித் தந்த புத்தகம் மேலே இருந்தது. புத்தம் புதியது. முதலில் எடுத்ததே அவர்தான்.

தையலக்கா தெருவின் எதிர்ச்சாரியில் கடை வைத்துத் துணி தைக்கிறவர். நூலகத்துக்குத் திரைச்சீலை அளவெடுக்க வந்தவரிடம் நானாகவே ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். அதிலிருந்து இருபத்து மூன்று புத்தகம். ஒவ்வொன்றும் சரியாக இரண்டே நாளில் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் “நல்லா இருந்துச்சு கண்ணு” என்பார். என் நோட்டில் அவருக்குத்தான் நட்சத்திரக் குறி. யாருக்கு என்ன கொடுப்பது என்று குழம்பினால் தையலக்காவின் வரிசையைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன்.

புத்தகம் பதினாறாம் பக்கத்துக்கு மேல் திறக்கவில்லை. அச்சகத்தில் மேல் ஓரத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள். பதினேழிலிருந்து முப்பத்திரண்டு வரை தாள்கள் மடிந்தபடியே ஒட்டியிருந்தன. கத்தி வைத்துக் கிழித்தால்தான் படிக்க முடியும். யாரும் கிழிக்கவில்லை.

காலையில் கொடுக்கும்போது, “கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சு” என்று சொல்லியிருந்தார்.

கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பிழையான தராசில் எடை போட்டிருக்கிறேன். பிழை தெரிந்த அன்று அத்தனை பக்கத்தையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினோம். இங்கே அப்படி அடிக்க முடியாது. நாற்பது பேருக்குத் தையலக்காவை நம்பிப் புத்தகம் கொடுத்திருந்தேன். அவர்களும் நல்லா இருந்துச்சு என்றுதான் சொன்னார்கள். யார் நிஜமாகச் சொன்னார்கள் என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்ட அறையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். தையலக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது.

“கண்ணு, என்னக் காப்பாத்து.”

“என்னக்கா?”

“உங்க மேடம் நேத்து கடைக்கே வந்துட்டாங்க. இந்த வருஷத்தோட சிறந்த வாசகி நான்தானாம். ஒன் மேசையில இருந்த நோட்டப் பாத்தாங்களாம், அதுல அப்படித்தான் இருக்காம். நீ பேசி முடிச்சதும் நான் மேடையேறி, படிச்சதுல எது பிடிச்சதுன்னு சொல்லணுமாம்.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் ஒண்ணையுமே பத்துப் பக்கம் தாண்டினதில்ல.”

“அப்புறம் ஏன்க்கா எடுத்துட்டுப் போனீங்க?”

“நீ அவ்வளவு ஆசையா எடுத்துக் குடுக்கிற. முகத்தப் பாத்து வேணாம்னு எப்படிச் சொல்றது? வீட்டுல வச்சிருந்தா அழுக்காயிடுமேன்னு மறுநாளே கொண்டாந்துடலாம்னு தோணும். ஒரே நாள்ல குடுத்தா சந்தேகம் வரும்னு இன்னொரு நாள் வச்சிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“ஒன் மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன். இப்ப பாரு, நானே வசமா மாட்டிக்கிட்டேன்” என்றார். “எங்கிட்ட துணி குடுக்கிறவங்க பாதிப் பேர் இன்னிக்கு வருவாங்க. அவங்க முன்னால முழிச்சிக்கிட்டு நின்னா என் மானமே போயிடும். மேடத்துக்கிட்ட ஏதாச்சும் சொல்லு. ஒடம்பு சரியில்லன்னு சொல்லு.”

அக்கா, நானும்தான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அதற்குள் கதவு திறந்தது. தலைமை நூலகர், பின்னால் குழுவிலிருந்து வந்த மூவர்.

“இதோ, நம்ம சிறந்த வாசகி!” என்றார் தலைமை நூலகர். தையலக்காவின் தோளில் கை போட்டு முன்வரிசைக்கு அழைத்துப் போனார். தையலக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான்கு மணிக்கு எல்லா நாற்காலியும் நிரம்பிவிட்டது. நின்றுகொண்டும் பலர் இருந்தார்கள். கதவு அறையின் கடைசியில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் அறுபது பேர். அதில் அந்தப் பதினான்கு பேரையும் எண்ணிவிட்டேன்.

தலைமை நூலகர் என்னை அறிமுகப்படுத்தினார். அறுநூறு நாவல் என்றார். கை தட்டினார்கள். குழுவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார்.

மைக் என் வாய்க்கு மேலே இருந்தது. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள். தாளை விரித்தேன்.

“இந்த நாவலோட கடைசி முப்பது பக்கத்தப் படிச்சப்ப, உக்காந்த இடத்த விட்டு எந்திரிக்க முடியல.”

இரண்டாம் வரிசையில் பஸ் டிரைவர் நிமிர்ந்தார். “அட, அது நான் சொன்னதாச்சே!” என்றார் சத்தமாக.

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு ஒரே பெருமை. அந்தச் சிரிப்போடு நானும் சிரித்து அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கலாம். அடுத்த வாக்கியத்தின் சொந்தக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், மூன்றாம் வரிசையில் இருந்தார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

தையலக்கா சிரிக்கவில்லை. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். தையல் பிரிந்துவிடுகிற அளவுக்கு முறுக்கினார். நான் பத்து நிமிடம் பேசினால் பதினோராவது நிமிடம் அவர் இந்த மைக் முன்னால் நிற்பார். என் நோட்டில் நான் போட்ட நட்சத்திரம் அவரை அங்கே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும்.

தாளை மடித்தேன். விடுதியின் கதவு உள்ள அறை ஒரு கணம் கண்ணில் வந்து போனது. தலைமை நூலகர் ஊக்கப்படுத்தும் விதமாகத் தலையாட்டினார்.

“மேடம்” என்றேன். மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது. “தையலக்காவ மேடைக்குக் கூப்பிடாதீங்க. அந்த நோட்டுல இருக்கிறது தப்பு. அவங்க தப்பு இல்ல, என் தப்பு.”

மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த நூலகத்துல இருக்கிற நாவல்ல ஒண்ணக்கூட நான் முழுசாப் படிச்சதில்ல.”