நடுத்தட்டில் குண்டு

என் வீட்டுக்காரர் தையற்காரர். துணியைத் தவிர வேறு எதையும் அவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் அனுபவம். ஆனால் கடையைப் புதுப்பித்தபோது, பழைய டிரயல் ரூம் தடுப்பைப் பிரித்ததில் பலகைகள் மிஞ்சிவிட்டன. மிஞ்சிய துணியில் தலையணை உறை தைக்கிற புத்தி, மிஞ்சிய பலகையில் ஷோகேஸ் செய்யச் சொன்னது. ஒரு மாதம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. கால் வைத்த இடமெல்லாம் ஆணி. ஒரு பலகையில் சட்டை மாட்டுகிற கொக்கி அப்படியே இருந்தது. கழற்றுங்கள் என்றால், இருக்கட்டும், எதற்காவது ஆகும் என்றார். கடைசியில் அலமாரி நின்றது. கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது, ஆனாலும் நின்றது. அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதில் ஒரே ஒரு ஆசை. கல்லூரியில் நான் குண்டு எறிகிறவள். எல்லாக் கல்லூரிகளும் கலந்துகொண்ட போட்டியில் முதலாவதாக வந்தேன். கோப்பையோடு, நான் எறிந்த நாலு கிலோ இரும்புக் குண்டையும் எங்கள் பயிற்சியாளர் அம்மா எனக்கே கொடுத்துவிட்டார். கல்யாணமான கையோடு அது என் துணிப்பெட்டிக்குள் இந்த வீட்டுக்கு வந்தது. பெட்டியைத் தூக்கிய புது மாப்பிள்ளை அன்றைக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து குண்டு கட்டிலுக்கு அடியில்தான் குடித்தனம். பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தில் இடிக்கும், மனசிலும் இடிக்கும். அதை வெளிச்சத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணுக்கு நேராக, நடுத்தட்டில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

கீழே மரத்தட்டில் வைத்துக்கொள்ளலாமே என்றார். கீழ்த்தட்டு செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வைப்பதானால் கண்ணாடித் தட்டில் வையுங்கள், இல்லையென்றால் இந்த அலமாரியே எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு பாத்திரத்தையும் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். அதற்கப்புறம் சரி என்றார்.

கண்ணாடிக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் வாயில் பென்சிலைக் கடித்தபடியே பேசுகிறவர். நாலு எம்.எம்., ஐந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மாதிரித் துண்டுகளை மேசையில் பரப்பினார். இவர் ஒவ்வொன்றின் ஓரத்தையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், கோட்டுத் துணி எடுக்க வந்தவர் மாதிரி. ஐந்து எம்.எம். துண்டுக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மெல்லிசு, நயம் என்றார். கடைக்காரர் வாயிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

தட்டு மூன்றடி நீளம். அதற்கு ஐந்து எம்.எம். போட்டு நாலு கிலோ இரும்பை நடுவில் வைத்தால் முதலில் தொய்யும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும் என்று கடைக்காரர் விளக்கினார். நீளம் கூடினால் கண்ணாடியின் கனமும் கூட வேண்டுமாம். பத்துக்குப் போங்கள் என்றார். இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற கவுன்ட்டரில் இருக்கிறேன், நான் போகாவிட்டால் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். பத்து என்று பேசி முடித்தாகிவிட்டது என்று நம்பிக் கிளம்பினேன். நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நான் தெருமுனை தாண்டியதும் மனிதர் ஐந்துக்கே ஆர்டர் கொடுத்திருக்கிறார். பத்து எம்.எம். பார்க்க முரட்டு ஜமுக்காளம் மாதிரி இருந்ததாம். அதோடு விட்டாரா? அளவு சொல்லும்போது தையலுக்கு என்று சுற்றிலும் முக்கால் அங்குலம் விட்டுச் சொல்லியிருக்கிறார். வந்த கண்ணாடி அலமாரிக்குள் போகவே இல்லை. பிடித்துக் குறைத்துக் கொடுங்கள் என்று அதைத் திரும்பவும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் என்ன சொல்லித் திட்டினார் என்று தெரியவில்லை. நல்லதாக நாலு வார்த்தை திட்டியிருப்பார் என்று நம்புகிறேன்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அலமாரியைப் போர்வையால் மூடி வைத்திருந்தார். அக்கா வரட்டும், அவள் முன்னால்தான் திறப்பேன் என்று ஒரே பிடிவாதம். அந்த அக்கா என் நாத்தனார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் கம்பியில் விரலை வைத்துத் தூசி பார்க்கிறவர். அவருக்கு நான் வைத்த பெயர் ஆடிட்டர். அவருக்குத் தெரியாது.

அன்று நான் வேலை முடிந்து வரும்போது ஆடிட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போர்வை எடுத்தாகிவிட்டது. மேல்தட்டில் என் கோப்பை. நடுத்தட்டில் சிவப்பு வெல்வெட்டில் தைத்த ஒரு குட்டிச் சும்மாடு, அதன்மேல் கன்னங்கரேலென்று என் குண்டு. இந்த மனுஷனைப் போய் இத்தனை திட்டினோமே என்று இருந்தது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிட்டர் எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்து குண்டை எடுத்தார். இரண்டே விரலால் எடுத்தார். மேலே போட்டுப் பிடித்தார்.

"இதை எறிஞ்சதுக்கா உனக்குக் கப்பு குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பிடுங்கிப் பார்த்தேன். கறுப்பு ரெக்ஸின். உள்ளே பஞ்சு. பின்பக்கம் தையல், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. வேலை சுத்தம், அதைக் குறை சொல்ல முடியாது. என் குண்டு எங்கே என்று கேட்டேன். இவர் கட்டில் இருந்த பக்கம் பார்த்தார்.

"கண்ணாடியைக் கனமாக்கறதுக்குப் பதிலா குண்டை லேசாக்கிட்டேன்," என்றார். "பார்க்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது? உடைஞ்சிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பஞ்சு மூட்டையை அவர் தலையிலேயே எறிந்திருப்பேன். எறிந்தாலும் வலிக்காது, அதுதான் வயிற்றெரிச்சல்.

"கண்ணாடி உடையும்னு பயந்தீங்க," என்றேன். "இத்தனை வருஷம் அது கட்டிலுக்கு அடியில கிடந்துச்சே, எனக்கு எது உடைஞ்சுதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அறைக்குள் போய்க் குனிந்து குண்டை எடுத்து வந்தேன். ஆடிட்டரின் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அதில் வைத்தேன். அவர் தோள் இரண்டும் இறங்கின. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் இறக்கிக்கொண்டார்.

"இதையா? ஒரு கையாலயா?"

"ஆமா அண்ணி. கழுத்தோட அணைச்சு வெச்சு."

கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். தூசி பார்க்கிற தடவல் இல்லை. பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ தூக்கினதைத் தாங்கற மாதிரி ஒரு கண்ணாடி வாங்கத் துப்பில்லையாடா உனக்கு?"

இவர் தலை குனிந்தது.

மறுநாள் காலையில் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். குண்டை அவரேதான் சுமந்து வந்தார், இரண்டு இடத்தில் நின்று கை மாற்றிக்கொண்டார். மேசையில் இறக்கி வைத்துவிட்டு, "என் சம்சாரம் எறிஞ்சது," என்று கடைக்காரரிடம் சொன்னார். மாதிரித் துண்டுகள் வந்தன. இந்தத் தடவை அவர் எதையும் தொடவில்லை. "நீயே சொல்லு," என்று என் பக்கம் திரும்பினார்.

"பன்னெண்டு," என்றேன்.

கடைக்காரர் குண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்தே போதும்மா. இந்த நீளத்துக்கு நிம்மதியா தாங்கும்."

"போதும்னு எனக்கும் தெரியும்," என்றேன். "பன்னெண்டு வெட்டுங்க."