ஒரே கை ஓட்டின வண்டி

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற மனுஷன் ஊரைப் பார்க்கிற விதமே வேறு. மற்றவர்களுக்குப் பாலம் என்றால் பாலம், சந்தை என்றால் சந்தை. கட்டுக்காரருக்கு அப்படியில்லை. பாலத்து இறக்கம் அவருக்கு முழங்கால் சில்லு. சந்தை முனை மணிக்கட்டு. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மணல் படிந்து கிடக்கும் வளைவு, கழுத்துக்குக் கீழே தோளோடு சேர்கிற காறை எலும்பு. எங்கே விழுந்தவன் எதை உடைத்துக்கொண்டு வருவான் என்பது அவருக்கு அத்துப்படி. தெருப் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார். எலும்பின் பெயரைச் சொன்னால் வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்லிவிடுவார்.

திங்கட்கிழமை காலையில் அவருடைய கட்டு அறைக்கு வெளியே பெஞ்சு நிரம்பி வழியும். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றப் போனவர்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், பேசி வைத்துக்கொண்ட மாதிரி எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "ஒண்ணுமில்லைங்க, லேசா ஸ்லிப் ஆயிடுச்சு." கட்டைப் போட்டு முடித்ததும் அவர் "விரலை ஆட்டுங்க" என்பார். ஆடினால் கட்டு சரி. ஆடாவிட்டால் இறுக்கம், பிரித்து மறுபடி போடவேண்டும். கூடவே இலவசமாக ஓர் உபதேசமும் உண்டு: "விழறப்ப கையை ஊணாதீங்க. கையை மடக்கிக்கிட்டு உருண்டுடுங்க." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த தடவையும் கையை ஊன்றி விழுந்து வருவார்கள். இப்படி ஒரு ஆள் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியே பாதி ஆயுசைக் கழித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பைக்கை அவர் தொட்டதுகூடக் கிடையாது.

அவர் தலையில்தான் மனைவி ஒரு நாள் காலையில், காபியை நீட்டியபடியே, குண்டைத் தூக்கிப் போட்டாள்.

அவள் வேலை பார்ப்பது செடி, விதை விற்கிற ஒரு கடையில். ஊருக்கு வெளியே அந்தக் கடைக்காரருக்கு நாற்றுப்பண்ணை ஒன்று இருந்தது. பண்ணையை யாராவது பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் இவளையே கேட்டுவிட்டார். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் மண்தொட்டி தூக்கியிருக்கிறாள், எத்தனை பேருடைய வாடிய ரோஜாவுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறாள் என்று கட்டுக்காரருக்கும் தெரியும்.

"அங்க பஸ் போகாதே" என்றார். அப்படிச் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததில் குரலில் லேசான நிம்மதி.

"தெரியும். அதான் வண்டி வாங்கப்போறேன். பழசு போதும்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான். தம்பி வண்டில கத்துக்கிட்டேன். லைசென்ஸும் எடுத்தாச்சு."

"எப்போ?"

"நீங்க ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கட்டு போட்டுக்கிட்டு இருந்தப்ப."

காபி ஆறிப்போனது. அவளுடைய தம்பி கட்டு அறையின் நிரந்தரச் சந்தாதாரர். ஊரில் எந்தப் பள்ளம் புதிதாக வெட்டப்பட்டாலும் முதலில் விழுந்து பார்ப்பவர் அவர்தான். அந்த மகானிடம் போயா இவள் பாடம் கேட்டாள் என்று கட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வண்டி கூடவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். மனைவி சத்தம் போடவில்லை.

"சரி, ஒண்ணு பண்ணுவோம். ஞாயித்துக்கிழமை என் பின்னாடி உக்காருங்க. பண்ணை வரைக்கும் போயிட்டு வரலாம். அதுக்கப்புறமும் நீங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம். திங்கக்கிழமை கடைக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். உங்ககூட சண்டை போடமாட்டேன்."

சண்டை போடமாட்டேன் என்று அவள் சொன்னதுதான் அவரை என்னவோ செய்தது. ஆனாலும் கணக்குச் சரியாக இருந்தது. ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்துவிட்டு, இறங்கியதும் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தையை அப்போதே தயாராக வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வண்டி பார்க்கப் போனார்கள். அக்காவுக்கு வேண்டாமென்றால் வண்டியைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மச்சினனும் ஒட்டிக்கொண்டார். விற்கிற தரகர் வாசலிலேயே வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். மச்சினன் போன வேகத்தில் இஞ்சினைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"ஏங்க, நாங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சுட்டீங்களா? ஆறட்டும். சூடில்லாம ஸ்டார்ட் பண்ணாத்தானே வண்டியோட யோக்கியதை தெரியும்."

தரகர் அசடு வழிந்தார். வண்டி ஆறுகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று பெருமைகளை அடுக்க ஆரம்பித்தார். "நம்பி எடுங்க சார். ஒரே கை ஓட்டின வண்டி."

கட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு கைக்கு என்ன ஆச்சு?"

"இன்னொரு கையே கிடையாதுங்க."

"ஐயையோ. பிறவியிலேயேவா, இல்ல இந்த வண்டியிலேர்ந்து விழுந்தா?"

தரகர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் அக்காவைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். "மாமா, ஒரே ஆளு வெச்சிருந்த வண்டி, வேற யார் கைக்கும் மாறலன்னு அர்த்தம்" என்று மச்சினன் விளக்கியபோது, கட்டுக்காரருக்கு அந்தக் கையில்லாத மனிதர் மேல் ஏற்கெனவே இரக்கம் வந்து முடிந்திருந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. "இருந்தாலும் விசாரிச்சுக்கறது நல்லதுதான்" என்றார்.

வண்டி ஆறியது, முதல் உதையிலேயே கிளம்பியது. மனைவி ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள், பின்னால் இழுத்தாள், தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். டயரைக் குனிந்து பார்த்து, இது தேய்ந்திருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்றாள். அவள் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்துக் கட்டுக்காரருக்குப் பயம் இன்னும் அதிகமானது. விலை படிந்ததும் தரகர் தாராளமாக ஒரு பழைய ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

"இது மட்டும் வேண்டாம்" என்று கட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வண்டி பழசா இருக்கலாம். ஹெல்மெட் யார் தலையோட எத்தனை தடவை விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? வெளியில பார்த்தா நல்லாத்தான் இருக்கும், உள்ள நொறுங்கியிருக்கும்."

அன்று அவர் பேசியதில் மச்சினன் மறுக்காத பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்து பாதுகாப்புச் சாமான் விற்கிற கடை. இங்கேதான் கட்டுக்காரர் தன் கடைசி ஆயுதத்தை வைத்திருந்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் மாட்டிவிட்டால், புழுக்கத்திலும் கனத்திலும் இவளே போதுமென்று சொல்லிவிடுவாள் என்பது திட்டம். விற்பனைப் பெண் நிறத்தையும் படத்தையும் காட்ட, இவர் ஒவ்வொன்றையும் நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஹெல்மெட்டைப் போடச் சொல்லி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார். தலை திரும்பி ஹெல்மெட் மட்டும் நின்றுகொண்டால் அது பெரிய சைஸ் என்று அடுத்ததை எடுக்கவைத்தார். கன்னம் இரண்டும் அமுங்கி, வாய் மீன் வாய் மாதிரி குவிந்ததும்தான் திருப்தி. தாடையை மூடாத ஹெல்மெட்டை விற்பனைப் பெண் எடுத்துக் காட்டியபோது, தாடை உடைந்தவர்கள் எத்தனை வாரம் ஸ்ட்ராவில் கஞ்சி குடிக்கிறார்கள் என்று விவரமாகச் சொன்னார். பக்கத்தில் அதே மாதிரி ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதைச் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டார்.

பிறகு தோளும் முழங்கையும் முதுகும் தடித்த ஜாக்கெட், முழங்கால் கவசம், கணுக்காலை மூடுகிற பூட்ஸ். கையுறையில் உள்ளங்கைக்கு அடியில் கெட்டியான வில்லை இருக்கிறதா, மணிக்கட்டில் பட்டை இறுகுகிறதா என்று தடவிப் பார்த்தார். பட்டைக்குள் தன் விரலை நுழைத்து இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில் சொன்னார்:

"விரலை ஆட்டு."

அவள் ஆட்டினாள். அப்புறம் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். புழுங்குது, கனக்குது, போதும் என்று ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் தெரிந்த ஆளை முன்னும் பின்னும் பார்த்தாள். "என்னங்க, நல்லா இருக்கு இல்ல?" என்றாள். கட்டுக்காரர் தன் ஆயுதம் கையைவிட்டுப் போனதை உணர்ந்தார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு சார்?" என்றாள் விற்பனைப் பெண்.

"எனக்கு ஹெல்மெட் மட்டும் போதும்மா. நான் ஒரே ஒரு தடவைதான் உட்காரப்போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். கண்ணை மூடிக்கொள்ளும் திட்டம் வாசலைத் தாண்டியதுமே கைவிடப்பட்டது. கண்ணை மூடினால் இன்னும் பயமாக இருந்தது. ஆனால் அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். பள்ளம் வந்தால் மெதுவானாள், திரும்புவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்தாள். காற்று சட்டைக்குள் புகுந்து புடைத்தது. பஸ்ஸில் அடுத்தவன் அக்குளுக்கடியிலேயே பயணம் செய்து பழகிய மனுஷனுக்கு அது புதுச் சுகம். தயாராக வைத்திருந்த "வேண்டாம்" கொஞ்சம் இளகுவது அவருக்கே தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவுமில்லை.

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. வளைவில் மணல் வழக்கம்போலப் படிந்து கிடந்தது. மெதுவா போ என்று சொல்லியிருக்கலாம். மணல் இருக்கு என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் இதில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பான். நம்மாள் அவள் தோளைப் படபடவென்று தட்டிக்கொண்டு கத்தினார்:

"காறை எலும்பு! காறை எலும்பு!"

பின்னால் உட்கார்ந்திருக்கிற கணவன் எலும்பு எலும்பு என்று கத்தினால் எந்தப் பெண்தான் பதறமாட்டாள்? அவர் எலும்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் பிரேக்கை அழுத்தினாள். சரியாக மணலின் மேல். வண்டி பெரிய அவசரம் எதுவுமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

அவள் கையை மடக்கிக்கொண்டு உருண்டாள். அவர் கையை ஊன்றினார். ஊருக்கே உபதேசம் செய்த அந்தக் கையை, நன்றாக விரித்து, முழு பாரத்தையும் கொடுத்து ஊன்றினார். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவருக்குக் கேட்டது. மற்றவர்கள் சொல்லித்தான் அவர் அந்தச் சத்தத்தைக் கேள்விப்பட்டிருந்தார்.

வலி வருவதற்குள் அவளிடம் தவழ்ந்து போய்விட்டார். "விரலை ஆட்டு."

பத்து விரலும் ஆடின. முழங்கால் கவசத்தில் நீளமாக ஒரு கீறல், கையுறை வில்லையில் இன்னொன்று, முழங்கையில் துணி உரிந்திருந்தது. அடியில் தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. கவசத்துக் கீறலை அவர் தடவிப் பார்த்தார். இது எங்கே விழுந்திருக்கவேண்டிய கீறல் என்று அவருக்குத் தெரியும்.

"உங்க காறை எலும்புக்கு என்ன ஆச்சு?" என்றாள் அவள், அழாத குறையாக.

"என்னுது இல்ல. இந்த வளைவோட பேரு" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பாள். அவர் மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி அடுத்த திருப்பம்தான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அவர் கையைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

கட்டு அறையில் ஞாயிற்றுக்கிழமை முறை பார்க்கும் சக ஊழியர் அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அண்ணே, நீங்களா? எப்படி விழுந்தீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. லேசா ஸ்லிப் ஆயிடுச்சு."

கட்டு முழங்கை வரைக்கும் வந்தது. வெளியே பெஞ்சில் அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள், கடையில் திருப்பிக் கொடுக்கப்போகிற மாதிரி. அந்த மடிப்பைப் பார்த்ததும் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"சொன்னா சொன்னதுதாங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "நாளைக்குக் கடைக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

அவர் தயாராக வைத்திருந்த வார்த்தைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கட்டு கனமாகக் கழுத்தில் தொங்கியது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீ ஒழுங்காத்தான் ஓட்டினே. விழவெச்சது நான். நீ பண்ணைக்குப் போ."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அவருக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க அவசரமாகப் பேசினார். "அதோட, இந்தக் கையை வெச்சுக்கிட்டு பஸ்ல கம்பியப் பிடிச்சு நிக்க முடியாது. காலைல என்னை இங்க இறக்கி விட்டுட்டுத்தான் நீ போகணும். டோக்கனாவது குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"ஒரு கையால பிடிச்சுக்கிட்டு உக்காருவீங்களா?"

"ஒரே கை வண்டிதானே. அந்தத் தரகர் அப்பவே சொன்னாரு, எனக்குத்தான் புரியல."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பிறகு எழுந்து, வீட்டுக்குப் போகிற வழியில் அவருக்கும் ஒரு ஜாக்கெட் வாங்கவேண்டும் என்றாள். கட்டுக்கு மேல் எந்தச் சட்டையின் கை நுழையும் என்று இரண்டு பேரும் கடையில் வெகுநேரம் தகராறு செய்தார்கள்.

திங்கட்கிழமை காலையில், கழுத்திலிருந்து கட்டுத் தொங்க, மறு கையால் அவள் இடுப்பைப் பிடித்தபடி அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழியில் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. தண்ணீர்த் தொட்டி வந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிடித்திருந்த கை மட்டும் தானாக இறுகியது.

வண்டி மெல்ல வேகம் குறைந்து, மணலை விட்டு ஒதுங்கி, வளைவில் நிதானமாகத் திரும்பியது.

"தெரியுதுங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "காறை எலும்பு."