எலும்புக்குள்ளே சோம்பல்

யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் முத்துலிங்கம் படித்தது வேதப்புத்தகத்து ஆங்கிலம். துரைமார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலமே வேறு என்பது மடுல்கெல்லக் கோப்பித் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாக வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தத் தோட்டத்துத் துரைக்கு வாயைத் திறந்தால் எலும்புதான். குளிர் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்பார். மழை வரப்போவதைத் தன் எலும்புகள் சொல்கின்றன என்பார். ஒருநாள், "உன்னோடு கொறிக்க எனக்கு ஓர் எலும்பு இருக்கிறது" என்று அவர் சொல்ல, முத்துலிங்கம் மேசையில் எலும்பைத் தேடினார். உன்னிடம் கேட்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு என்பதுதான் அதற்குப் பொருளாம்.

அன்றிலிருந்து அந்தப் பேச்சின்மேல் மனிதருக்குப் பைத்தியம். ஆற்றுக்குக் குளிக்கப் போகும் வழியெல்லாம் கோப்பிச் செடிகளோடு எலும்பு எலும்பாக ஆங்கிலம் பேசிக்கொண்டு போவார். செடிகள் மெச்சவில்லை. ஒரு வெள்ளைக்காரனாவது மெச்ச மாட்டானா என்று அவருடைய மனம் ஏங்கியது.

அந்த வருஷம் தோட்டத்துக்கு நிஜ எலும்பும் வந்தது. மண் இளைத்துவிட்டதென்று மாட்டெலும்பை உரமாகப் போடச் சொன்னார் துரை. கண்டியிலிருந்து மாட்டுவண்டியில் அடிவாரம் வரை வரும். அதற்குமேல் ஆள் சுமக்க வேண்டும். நாற்றம் பிடித்த அந்த மூட்டையைத் தொட யாருக்கும் மனமில்லை. ஆகவே கங்காணி அதைப் புதிதாக வந்தவர்கள் தலையில் கட்டினார். அவர்களில் ஒருவன் காளிமுத்து. பிள்ளைத்தாய்ச்சி மனைவி நல்லம்மாவோடு இந்தியச் சீமையிலிருந்து கடல் தாண்டிக் கால்நடையாக வந்து சேர்ந்தவன். மழையில் வழுக்கி, மூட்டையோடு பள்ளத்தில் விழுந்தான்.

மறுநாள் காலையில் பெரட்டு. தப்பு அடித்ததும் எல்லாரும் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். முடியாதவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். துரை தலையசைத்தால் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் மலையேற வேண்டியதுதான். நோயாளிக்குத் தமிழ், துரைக்கு ஆங்கிலம். நடுவில் இருந்தது முத்துலிங்கத்தின் நாக்கு ஒன்றுதான்.

அன்றைக்கென்று கண்டியிலிருந்து ஒரு விருந்தாளித் துரையும் வந்து நின்றார்.

"மூட்டையோட விழுந்துட்டேனுங்க ஐயா. கால் எலும்பு ஒடிஞ்சிருச்சு போல. ஊனவே முடியலீங்க," என்றான் காளிமுத்து.

என்னவாம் என்று துரை கேட்டார். முத்துலிங்கம் விருந்தாளியின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ நாள் காத்திருந்த இடம் இதுதான் என்று பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவனுக்கு எலும்புக்குள்ளேயே சோம்பல், ஐயா," என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்.

விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவன் நம்மவன் மாதிரியே பேசுகிறானே!" என்றார். துரை முத்துலிங்கத்தின் முதுகில் தட்டினார். பிறகு காளிமுத்துவைப் பிரம்பால் சுட்டி, "லேசிபோன்ஸ்!" என்றார். சோம்பேறியே என்று அர்த்தம்.

"தொரை என்னங்கய்யா சொல்றாரு?"

அப்போதுகூட ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். முதுகில் துரையின் கை பட்ட இடம் இன்னும் இதமாக இருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "உன்ர எலும்பு இரும்பெண்டு சொல்லுறார். ஒண்டும் நடவாது, வேலைக்குப் போ," என்றார்.

காளிமுத்துவின் முகம் மலர்ந்தது. தன் பெயர்கூடத் தெரியாத துரை தன்னைப் புகழ்ந்துவிட்டாரே! பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறினான்.

சாயங்காலம் அவனைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். காலையில் விரிசலாக இருந்திருக்கும் எலும்பு, இப்போது தோலுக்குள் கோணிக்கொண்டு நின்றது. சிங்களக் கிராமத்து வைத்தியர் வந்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கால் கோணியது கோணியதுதான்.

முத்துலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அரிசியும் கருவாடும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். "எங்க சாமி நீங்க," என்று நல்லம்மா நிறைவயிற்றோடு குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவமானம் பிடுங்கித் தின்றது. அப்போதாவது சொன்னாரா? இல்லை. ஆற்றுக்குப் போகும் வழியில் பேசுவதை மட்டும் நிறுத்தினார்.

மழைக்காலம் கழிந்து காளிமுத்து மறுபடியும் பெரட்டுக்கு வந்தான். ஒரு கால் குட்டையாகி, தடியூன்றி வந்தான். பின்னால் நல்லம்மா, கையில் பச்சைப் பிள்ளை.

"பய பொறந்திருக்கானுங்க ஐயா. தொரை எனக்குக் குடுத்த பேரையே பிள்ளைக்கும் வெச்சிருக்கோம். லேசிபோன்சு. அவன் எலும்பும் இரும்பா இருக்கட்டுமுங்க. தொரைகிட்டச் சொல்லுங்க."

தெரிந்த சொல் காதில் விழவே துரை சிரித்துக்கொண்டு திரும்பினார். என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

முத்துலிங்கத்துக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. தன்னோடு போகாமல் அந்தப் பொய் இந்தப் பிள்ளையோடும் வளரப்போகிறது. துரைக்குப் பதில் சொல்லாமல் காளிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேர் வேண்டாம், காளிமுத்து. அது சோம்பேறியெண்டு அர்த்தம். துரை உன்னைப் புகழேல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

களம் முழுக்கக் கேட்டது. நல்லம்மா பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். காளிமுத்து குனிந்து தன் காலைப் பார்த்தான். ஏச்சு வரும் என்று முத்துலிங்கம் காத்து நின்றார். வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வந்தது ஒரு கேள்விதான்.

"அப்ப, அன்னைக்கு என் கால் ஒடிஞ்சதைத் தொரைகிட்ட நீங்க சொல்லவே இல்லீங்களா?"

"இல்லை."

என்ன, என்ன என்று துரை பொறுமையிழந்து அதட்டினார். முத்துலிங்கம் காளிமுத்துவின் கேள்வியை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, 'இல்லை' என்று தான் சொன்ன பதிலையும் சொன்னார்.