தரைக்கடியில் கிடந்த பிள்ளை

பிறந்து ஒரு கிழமைக்குள்ளேயே மகளைப் பறிகொடுத்த சிவானுஜா, பனிக்காலம் முடிய வேலைக்குத் திரும்பினாள். பேர்ன் நகரில், பழைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் அவளுக்கு வேலை.

மூவாயிரம் வருடங்களுக்கு முன் மத்தியதரைக் கடலில் கப்பலேறி வந்து, கரையோர நகரங்களைச் சூறையாடி, எகிப்தோடும் போரிட்ட கூட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றைக்கும் சண்டை. கிரீட் என்பார் சிலர். சார்டீனியா என்பார் வேறு சிலர். அவர்களில் ஒரு கூட்டம் கிழக்குக் கரையில் குடியேறியது. அந்தக் குடியிருப்பில் கிடைத்த ஓர் எலும்பை ஆய்வுகூடப் பேராசிரியர் அவள் மேசையில் வைத்தார்.

"உள்காது எலும்பு. இதைத் துளைத்துத் தூளாக்கினால் மிச்சம் இருக்காது. ஆனால் விடை கிடைக்கலாம்."

கூடவே ஒரு படமும் இருந்தது. வீட்டுத் தரைக்கடியில், அடுப்புக்குப் பக்கத்தில் புதைத்திருந்த பச்சைக் குழந்தையின் எலும்புக்கூடு; மேசையில் இருந்தது அதன் எலும்பு. சிவானுஜா படத்தைக் கிட்ட எடுத்துப் பார்த்தாள். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். வேறொருவர் கையில் அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தானே துளைத்தாள்.

கோடையில் முடிவு வந்தது. குழந்தையின் முன்னோரில் ஒரு பகுதியினர் மேற்கிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், மற்றவர்கள் அந்தக் கரையின் சனம். எந்தத் தீவு என்று மட்டும் சொல்ல முடியவில்லை. பேராசிரியர் பெருமூச்சு விட்டார்.

அன்று பின்னேரம் கணவன் தேனுஜனிடம் சொன்னாள். அடக்கம் செய்த நாளிலிருந்து அவன் மகளைப் பற்றிக் கதைத்ததில்லை; சுடலைப் பக்கம் போனதுமில்லை.

"எங்கையிருந்து வந்தவையெண்டு தெரியேல்லை. பொம்பிளைப் பிள்ளை எண்டு மட்டும் தெரிஞ்சுது. வீட்டுக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில புதைச்சுக் கிடந்தது."

அவன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீரை நிறுத்தினான்.

"அடுப்படியிலயோ தாட்டவை?"

"ஓம்."

"அப்ப தாய் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டுதான் சமைச்சிருப்பா, என்ன?"

தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அழுதான். அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஓஸ்டர்முண்டிகன் மயானத்துக்குப் போனார்கள். மகளின் குழி எந்த வரிசையில் என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் முன்னால் நடந்தாள்.