வெட்டப்படாத பின்னல்

சிற்பி கல்லிப்போஸ், தான் செதுக்கிய சிலையின் கழுத்தைக் கயிற்றால் மூன்றாவது முறையாக அளந்தான். ஏதென்ஸ் குன்றின்மேல் எழும்பும் அந்த மண்டபத்தில் தூண்களுக்குப் பதிலாக ஆறு கல்பெண்கள். அவர்களில் இந்த ஒருத்தி மட்டும் அவன் செதுக்கியவள். உச்சிப்பொழுதுக்குள் அவள் தலைமேல் கூரைக்கல் இறங்கும்.

"அண்ணே, கழுத்து கொக்கு மாதிரி இருக்கு. முறிஞ்சா எங் கயித்து மேல பழி போடாதீங்க," என்றான் பாரம் தூக்கும் சிமோன்.

"பின்னால வந்து பாரு. தாங்குறது கழுத்தில்ல, முடி."

பின்னங்கழுத்தில் பின்னல் ஒரு கை தடிமனுக்கு இறங்கியிருந்தது. பாரத்துக்காகத்தான் அப்படிச் செதுக்கினேன் என்று கல்லிப்போஸ் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருந்தான்.

குன்றுக்கோயில் தேவிக்குத் தேன்பணியாரம் படைக்க வந்த அவன் மனைவி மெலித்தா, சிலைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"இது தெயனோவோட பின்னல்."

தெயனோ அவர்களுடைய மகள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் காய்ச்சலில் போனவள். அவர்கள் வழக்கப்படி மணப்பெண் கூந்தலை வெட்டி அர்த்தெமிஸ் தேவிக்குக் கொடுத்த பிறகே புகுந்த வீடு போகலாம். அவள் இறந்த அன்று துக்கத்தில் எல்லோரும் அவரவர் முடியை வெட்டிக்கொண்டார்கள். அவளுடையதை மறந்து, பின்னலோடே எரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து காற்றில்லாத பகல்களில்கூட, அவள் தறியில் நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கும் மண்குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மெலித்தா அதைக் கேட்டாள். அவனும் கேட்டான், கேட்கவில்லை என்று சொல்லிவந்தான்.

"முடி வெட்டாமத்தான் போக முடியாம வீட்டையே சுத்துறா. நீங்க கல்லுலயும் வெட்டாம வச்சிட்டீங்க. இனி எப்பங்க போவா?"

"வெட்டினா கழுத்து போயிடும், மெலித்தா."

"ஒரே ஒரு கீறல். உளியக் குடுங்க."

ஒரு கீறல் கல்லுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று அவனுக்குத் தெரியும். கொடுத்தான். அவள் ஒருமுறைதான் அடித்தாள். பின்னலின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது.

"அண்ணே, இறக்கவா?"

கல்லிப்போஸ் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தான். "இறக்கு."

"அக்கா, தள்ளி நில்லுங்க."

மெலித்தா நகரவில்லை. கூரைக்கல் மெல்ல வந்து கல்பெண்ணின் தலையில் அமர்ந்தது. கயிறுகள் தளர்ந்தன. கோட்டிலிருந்து கொஞ்சம் பொடி உதிர்ந்தது. மெலித்தா உள்ளங்கையை நீட்டி அதை ஏந்தினாள். பொடி நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.