நீ உட்காரு அண்ணா

ஏழு மணி நேரமாக அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி அழாமல் பேச முயன்றாள், முடியவில்லை. ஆய்வக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நான் கிளம்பியபோது, அவன் பஸ் ஓட்டிய காலத்தில் கூட வேலை பார்த்த கண்டக்டர் போனில் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் என் பஸ்லதாம்மா இருக்காரு. காலையிலேர்ந்து இறங்கவே இல்ல. புது டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவரு காலும் சேர்ந்து அமுங்குது. அந்த ஆளு நெளியிறாரு."

அந்தப் பேருந்தை வழியில் பிடித்து ஏறினேன். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அண்ணன் இருந்தான்.

"என்ன சோதனைக்குழாய், லேபுக்கு மட்டமா?" அவன் எனக்கு வைத்த பெயர் அது.

"நீ மட்டும் ஊர் சுத்தலாமா?"

"எனக்கு மட்டம் போட வேலை எங்க இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஒருமுறை வலிப்பு வந்ததும் அவனுடைய ஓட்டுநர் உரிமம் போனது. அது சட்டம். மற்றதையெல்லாம் எடுத்தது நாங்கள். ஸ்கூட்டர் சாவியை அண்ணி ஒளித்தாள். சிலிண்டர் மாற்ற அம்மா ஆள் பிடித்தாள். குழந்தையைக் குளிப்பாட்டப் போனவனை, "நீ உட்காரு அண்ணா" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தது நான். சோப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். தூங்குவதில்லை, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறான் என்பதும் தெரியும். கேட்கவில்லை. கேட்டால் இல்லாத நினைப்பை நானே கொடுத்துவிடுவேனோ என்று பயம். ஆய்வகத்தில் சோதிக்காமல் ஒரு முடிவும் எழுதமாட்டேன். வீட்டில் மட்டும் 'சரியாகிவிடுவான்' என்று எழுதி மூடிவைத்திருந்தேன்.

"அண்ணே, கடைசி ஸ்டாப்பு. இந்தத் தடவையாவது இறங்குவீங்களா, இல்ல மாசப் பாஸ் எடுத்துத் தரவா?" என்றார் கண்டக்டர். எங்களைப் பார்த்தவர் பேச்சை விட்டு இறங்கிப் போனார். ஓட்டுநரும் போனார்.

அண்ணன் எழவில்லை.

"அண்ணா, செத்துடலாம்னு தோணுதா உனக்கு?"

அவன் வலது கால் தரையில் அமுங்கியே இருந்தது.

"எல்லாரும் எனக்காக ஓடிட்டே இருக்கீங்க. நான் ஒருத்தன் இல்லன்னா நீங்களாவது கொஞ்சம் உக்காரலாம்னு..." நிறுத்திவிட்டான்.

அவன் கையைப் பிடித்தேன். அதில் டிக்கெட்டுகள் கசங்கிக் கிடந்தன.

"நான் எங்கயும் போகல. சொல்லு."

"தோணுது," என்றான். "தினமும் தோணுது."