வலது கால்

கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் அவர் வலது பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். அது முரண்டு பிடித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை மாதமும் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். டவுன் பஸ் டிரைவருக்கு வலது கால்தானே சோறு போடுகிறது.

முந்தின நாள், பள்ளிக்கூட வளைவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சாலையில் இறங்கினாள். பிரேக்கை மிதித்தார். கணுக்காலில் சுரீரென்று ஏறிய வலியில் பாதம் ஒரு கணம் தயங்கிவிட்டது. பஸ் குலுங்கி நின்றபோது அவள் ஒரு கையைப் பம்பரில் ஊன்றியிருந்தாள். அடிபடவில்லை. அவள் திட்டக்கூட இல்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டாள்.

கண்டக்டர் முன்னால் ஓடி வந்தான். “அண்ணே, பாக்கலியா?”

“பாத்தேன்.”

“அப்புறம்?”

அந்தக் கேள்விதான் இரவெல்லாம் அவரைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். “எப்பவாவது இந்தக் கால் உடைஞ்சிருக்கா?”

“வயசுல பைக்ல விழுந்தேன் சார்.”

“அதான். மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிறது தேஞ்சுபோச்சு. ஆர்த்ரைட்டிஸ். முட்டிக்கு மட்டுந்தான் வரும்னு நெனச்சுக்கிறாங்க. முதல்ல மாத்திரை, கணுக்காலுக்குப் பட்டை, ஊசி. கேக்கலைன்னா ஆபரேஷன் பண்ணி எலும்பைச் சேத்து வச்சிடலாம். வலி பெரும்பாலும் போயிடும். ஆனா கணுக்கால் மடங்காது.”

“அப்ப பிரேக்கு?”

டாக்டர் பேனாவை மூடினார். “இப்போதைக்கு வண்டியைத் தொடாதீங்க.”

வெளியே வந்ததும் மனைவி குரலைத் தாழ்த்தினாள். “டிப்போல யாருக்கும் தெரியாதுல்ல? மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓட்டிப் பாருங்களேன். கடைசிப் பொண்ணு படிப்பு முடியற வரைக்கும்...”

“அந்தக் கொழந்தை தலை இவ்ளோதான் இருந்துச்சு,” என்று உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

டிப்போவில் மேலாளரிடம் அவரே சொன்னார். வேறு வேலை கிடைக்குமா என்பதற்கு, “பாக்கலாம்,” என்ற பதில்தான் வந்தது.

திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஓட்டியவன் புதியவன். தூரத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. அவன் இன்னும் வேகத்தைக் குறைக்கவில்லை. அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தியது. வலி முழங்கால்வரை ஏறியது. மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அவர் தொடையில் கையை வைத்தாள். பஸ் மெதுவாக நின்றது. கால் மட்டும் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.